மேடை உயரத்தை யாரிடம் கேட்டார்கள்? பல்கலைக்கழகப் பன்முகத்தன்மைக் குழு பற்றி ஓர் எளிய விளக்கம்

எங்கள் அம்மாப்பேட்டை வீட்டில் சமையலறை மேடை கட்டியபோது, எவ்வளவு உயரம் வேண்டும் என்று கொத்தனார் கேட்டது தாத்தாவிடம். தாத்தா நெட்டை. தன் இடுப்புக்கு மேலே கையை வைத்துக் காட்டினார். அந்த அறைக்குள் அவர் போவதே தண்ணீர் குடிக்கத்தான். அம்மா குள்ளம். இருபது வருஷத்துக்கு மேல் மணைப்பலகை ஒன்றின் மேல் ஏறி நின்றுதான் தோசை சுட்டார். தாத்தாவுக்கு மருமகள் மேல் பிரியம் அதிகம், வேண்டுமென்று செய்ததில்லை. வீட்டில் யாருக்கும் அது ஒரு குறையாகவே படவில்லை. ஏன், அம்மாவுக்கே படவில்லை. அதுதான் பலகை இருக்கிறதே.

கல்லூரிச் சுவரில் 'பன்முகத்தன்மை மற்றும் உள்ளடக்கக் குழு' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்தால் எனக்கு அந்த மணைப்பலகைதான் நினைவுக்கு வரும்.

கல்லூரி திறந்த புதிதில் இந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். அதன் கீழே நின்று பேசுகிறவர்களிடம் மூன்று வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். "இது கோட்டா பாக்குற கமிட்டிப்பா." "சாதிக்கு ஒருத்தரப் போட்டிருக்காங்க." "இங்க போய்ச் சொன்னா வாத்தியார் வேலையே போயிடும்." மூன்றும் தவறு. சேலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். ஆசிரியரல்லாத பணியாளர் என்ற முறையில் இப்படியொரு குழுவில் மூன்று வருஷம் உட்கார்ந்தவன். முதல் வருஷம் முழுக்க எனக்கும் இந்த மூன்று எண்ணங்களும் இருந்தன என்பதால் யாரையும் குறை சொல்லவில்லை.

வாசல் வேறு, வீடு வேறு

முதல் தவறிலிருந்து தொடங்கலாம். இடஒதுக்கீடு என்பது மொத்த இடங்களில் ஒரு பங்கைச் சில பிரிவினருக்கென்று சட்டம் எடுத்து வைப்பது. தமிழ்நாட்டில் அது 69 விழுக்காடு: பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் சேர்த்து 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. அந்த 18க்குள்ளேயே அருந்ததியருக்கு 3 உள்ஒதுக்கீடு. இதற்கான மாநிலச் சட்டத்தை 1994இல் அரசமைப்பின் 76ஆவது திருத்தம், வழக்குப் போட்டு எளிதில் அசைக்க முடியாத சட்டங்களின் பட்டியலான ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 5 விழுக்காடு என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். இந்த எண்களில் ஒரு புள்ளியைக்கூட எந்தக் கல்லூரிக் குழுவும் நகர்த்த முடியாது.

இவையெல்லாம் வாசலைப் பற்றிய கணக்கு. குழு பார்க்க வேண்டியது வாசலுக்கு உள்ளே நடப்பதை.

ஏற்காட்டுக்கு மேலே மாரமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெண் பழங்குடியினர் ஒதுக்கீட்டில் சேலத்தில் பி.எஸ்சி. சேர்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுதியில் இடம் கிடைக்கும்வரை வீட்டிலிருந்துதான் வர வேண்டும். கால அட்டவணைப்படி பிராக்டிகல் நாலரைக்கு முடியும். உண்மையில் பிப்பெட்டைக் கழுவி, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கி வெளியே வர ஐந்தேகால் ஆகும். நகரத்துக்குள்ளேயே, ஐந்து ரோடு பகுதியில் வீடு இருக்கும் பிள்ளைக்கு அதில் ஒன்றுமில்லை. இவள் பஸ் ஸ்டாண்டு போய், அடிவாரம் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டில் இறங்கி, ஊருக்குப் போகும் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அது போய்விட்டால் ஜீப்தான், அதுவும் ஆள் சேர்ந்தால். ஆகவே நாலு மணிக்கே நழுவுகிறாள். ரெக்கார்டில் கையெழுத்து விடுபடுகிறது. செமஸ்டர் கடைசியில் வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே. ஆசிரியர் பார்வையில் அவள் 'அக்கறையில்லாத பிள்ளை'.

யாரும் அவளை வெளியே தள்ளவில்லை. இடஒதுக்கீடும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ஆனாலும் அவள் பாதியில் நின்றுபோகக்கூடும். பிராக்டிகலைக் காலை நேரத்துக்கு மாற்றினால் தீர்ந்துவிடுகிற விஷயம் இது. மாற்ற வேண்டும் என்று யாருக்காவது முதலில் தோன்ற வேண்டும் அல்லவா?

ஆக, சுருக்கமாக: உள்ளே யார் வரலாம் என்பதைச் சட்டம் முடிவு செய்கிறது. வந்தவர் மணைப்பலகை இல்லாமல் நின்று படிக்க முடிகிறதா என்று பார்ப்பது குழுவின் வேலை.

சொற்களைப் பற்றிக் கொஞ்சம்

பன்முகத்தன்மை என்றால் வெவ்வேறு பின்னணியிலிருந்து வந்தவர்கள் ஓரிடத்தில் இருப்பது. மொழி, சாதி, மதம், பாலினம், உடல்நிலை, மலையா சமவெளியா, வீட்டில் முதலில் கல்லூரிக்கு வந்தவரா என்று எதுவாகவும் இருக்கலாம். பதிவேட்டைப் புரட்டினால் எண்ணிவிடலாம்.

உள்ளடக்கம் என்பது அப்படி இருப்பவர்கள் எல்லாருக்கும் அந்த இடம் ஒரே மாதிரி பயன்படுவது. பதிவேட்டில் இது கிடைக்காது, வாய்விட்டுக் கேட்டால்தான் தெரியும்.

இந்த இரண்டாவது சொல் எனக்குப் பிடிப்பதில்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தில் அத்தியாயப் பட்டியலுக்கு மேலே போடுகிற சொல் அது. 'உள்ளடக்கக் குழு' என்ற பலகையைப் பார்த்துவிட்டு, பாடத்திட்டம் போடுகிற குழு என்று நினைத்து ஒரு மாணவர் சிலபஸ் கேட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். தவிர, 'அடக்கு' என்பதும் உள்ளே ஒலிக்கிறது. 'அரவணைப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். அதில் அணைக்கிறவர் பெரியவராகவும் அணைக்கப்படுகிறவர் சின்னவராகவும் ஆகிவிடுகிறார்கள். வேறு நல்ல சொல் வரும்வரை இதையே வைத்துக்கொள்வோம்.

விழா மேடைகளில் பன்முகத்தன்மைக்குத் தட்டுவடை செட்டை உவமை சொல்வது சேலத்துப் பேச்சாளர்களின் வழக்கம். பீட்ரூட், காரட், வெங்காயம், சட்னி எல்லாம் இரண்டு தட்டைக்கு நடுவே ஒற்றுமையாக இருக்கின்றனவாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காரட்டிடம் யாரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

கெட்ட எண்ணம் இல்லாமலே நடப்பது

மக்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். பாகுபாடு என்றதும் ஒரு வில்லனைத் தேடுகிறோம். வில்லன்கள் இருக்கிறார்கள், இல்லாமலில்லை. 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, கொண்டுவந்த சமத்துவ விதிகளைப் படித்தால் தெரியும்: வகுப்பில் மாணவரின் சாதியைச் சொல்லி அறிவிப்பது, விடைத்தாள் திருத்துவதில் வேறுபாடு காட்டுவது, விடுதியிலும் உணவுக்கூடத்திலும் பிரித்து வைப்பது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடுக்கிறார்கள். நடக்காத ஒன்றைத் தடுக்க யாரும் விதி எழுதுவதில்லை.

ஆனால் நான் சொல்லப்போகும் சம்பவத்தில் வில்லன் கிடையாது. தவறு செய்தது நானே.

சேர்க்கை நாள். கவுண்டரில் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், கூட அவள் அப்பா, கையில் மஞ்சள் பை. சாதிச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். 'மலையாளி' என்று இருந்தது.

"கேரளாவாம்மா? நம்ம ஸ்டேட் நேட்டிவிட்டி இருக்கா?"

"இல்ல சார், ஏற்காடு."

"அப்புறம் மலையாளின்னு போட்டிருக்கு?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அப்பா ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து, ஆதாரை எடுத்து, கடைசியில் கவருக்குள் மடித்து வைத்திருந்த தன் அப்பாவின் பழைய சான்றிதழையும் எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

சேர்வராயன், கொல்லிமலை, கல்வராயன், சித்தேரி மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்பவர் என்றும், மலையில் வாழ்பவர் என்றும் பொருள் சொல்வார்கள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாக அவர்களுடைய கதைகள் சொல்கின்றன. கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கென்று ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். அதில் ஒன்று என் அலுவலகத்துக்கு முப்பது கிலோமீட்டருக்குள் இருந்தும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயர் தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று சில மாவட்டங்களுக்கு மட்டுமே பொருந்தும்படி இருக்கிறது. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகளுக்கு அதனால் பழங்குடிச் சான்றிதழ் கிடைப்பதில்லை. இவர்களில் ஒருவர் சேலத்தில் விண்ணப்பித்தால் கவுண்டரில் இருப்பவர் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வருஷம் குழுவில் மலையிலிருந்து வந்த முதுகலை மாணவி ஒருவர் உறுப்பினரானார். முதல் கூட்டத்திலேயே அவர் கேட்டது ஒன்றுதான்: சேர்க்கை கவுண்டரின் உள்பக்கக் கண்ணாடியில், ஊழியர் கண்ணில் படும்படி, 'மலையாளி என்பது இம்மாவட்டப் பழங்குடி, பூர்விகம் பற்றிக் கேள்வி கேட்க வேண்டியதில்லை' என்று எழுதி ஒட்ட வேண்டும். ஒட்டினோம். செலவு ஒரு ஏ4 தாள்.

அந்த மேசையில் அதுவரை இருந்த நாங்கள் ஒன்பது பேரும் படித்தவர்கள். அனுபவம் எல்லாம் சேர்த்தால் இருநூறு வருஷம் வரும். ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

உறுப்பினர்கள் யார் யார்

இப்போது இரண்டாவது தவறுக்கு வருவோம். 'சாதிக்கு ஒருத்தர்' என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பன்முகத்தன்மைக் குழு என்ற பெயரில் ஒவ்வொரு நிறுவனமும் தானே ஒன்றை அமைத்துக்கொள்கிறது. சில இடங்களில் அதற்குச் சம வாய்ப்பு மையம் என்று பெயர். பெரும்பாலும் இப்படி இருக்கும்: தலைவராக ஒரு மூத்த பேராசிரியர், வெவ்வேறு துறைகளிலிருந்து ஆசிரியர்கள், என்னைப் போல் அலுவலகத்து ஆள் ஒருவர், மாணவர்கள், பிறகு வெளி உறுப்பினர். வெளி உறுப்பினர் என்றால் அந்த நிறுவனத்தில் சம்பளம் வாங்காதவர். வழக்கறிஞராகவோ தொண்டு நிறுவனத்தில் பணிபுரிபவராகவோ இருப்பார். நாளைக்குக் காலையில் முதல்வர் முகத்தில் விழிக்க வேண்டிய அவசியமில்லாதவர் ஒருவராவது மேசையில் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த ஏற்பாடு.

சட்டம் உறுப்பினர்களை வரையறுத்திருக்கும் குழுக்களும் உண்டு. அவற்றைப் பார்த்தால் 'யார் உட்கார வேண்டும்' என்ற யோசனை எப்படிப் போகிறது என்பது புரியும். பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகப் புகார்க் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். யுஜிசியின் 2015 விதிகளின்படி தலைமை வகிப்பவர் மூத்த பெண் ஆசிரியர். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். ஆசிரியர் இருவர், ஆசிரியரல்லாத பணியாளர் இருவர், மாணவர் சம்பந்தப்பட்ட விவகாரம் என்றால் மாணவர் மூவர், வெளியாள் ஒருவர். எனக்குப் பிடித்த விதி இனிமேல்தான்: துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்ற பெரிய பதவிக்காரர்கள் இதில் உறுப்பினராகவே இருக்கக் கூடாது. அப்படி ஒருவர் பக்கத்து நாற்காலியில் இருந்தால் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று விதி எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

2023இல் வந்த மாணவர் குறைதீர்ப்பு விதிகள் வேறு வழியில் போகின்றன. அங்கே தலைவர் பேராசிரியர், கூட நான்கு மூத்த ஆசிரியர்கள், சிறப்பு அழைப்பாளராக ஒரு மாணவர். இவர்களில் குறைந்தது ஒருவர் பெண்ணாகவும், ஒருவர் பட்டியல் சாதி, பழங்குடி அல்லது இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும். கோரம் மூன்று. கோரம் என்றால் கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற எண்ணிக்கை; அந்தக் கணக்கில் மாணவர் சேரமாட்டார். அதாவது மாணவர் இல்லாமலே கூட்டம் நடக்கலாம். இந்த ஓட்டை எனக்கு உறுத்துகிறது.

மறுபடியும் ஒரு முறை: உறுப்பினர் பட்டியலில் பலவகை ஆட்கள் இருப்பது அலங்காரத்துக்காக இல்லை. எதைப் பார்க்க முடியும், எதைத் துணிந்து சொல்ல முடியும் என்பதை அந்தப் பட்டியல்தான் தீர்மானிக்கிறது.

ஒற்றை ஆளின் பாடு

சாதிக்கு ஒருவர் என்ற நினைப்பு உறுப்பினர்களுக்குள்ளும் இருக்கும். சக்கர நாற்காலியில் வரும் ஒரு ஆசிரியரை உறுப்பினராகப் போட்டிருந்தோம். ராம்ப், அதாவது படிக்குப் பதிலான சாய்தளம், என்றால் அவர் பக்கம் திரும்புவோம், பிரெய்ல் என்றால் அவர் பக்கம் திரும்புவோம், காது கேளாத மாணவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றாலும் அவரைத்தான் பார்ப்போம். "சார், எனக்குக் கால்தான் நடக்காது. பிரெய்ல் பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச அளவுதான் எனக்கும் தெரியும்" என்று ஒரு நாள் சொன்னார். 2016 சட்டத்தின் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் எப்படிப் பதில் சொல்வார்?

ஒரு பிரிவிலிருந்து ஒரே ஒருவரை உட்கார வைத்தால் அவர் சொல்வதெல்லாம் அந்தப் பிரிவின் கருத்தாகிவிடும். அவர் சும்மா இருந்தால் குறையே இல்லை என்றாகிவிடும். இரண்டு பேர் இருந்தால் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும். கூட்டம் நீளும், டீ ஆறிப்போகும். பரவாயில்லை என்பேன்.

குழுவின் அதிகாரம் எதுவரை

மூன்றாவது தவறு: வேலை போய்விடும். இந்தக் குழு யாரையும் வேலையிலிருந்து நீக்க முடியாது. குழு தருவது பரிந்துரை, அதாவது 'இப்படிச் செய்யலாம்' என்ற எழுத்துப்பூர்வமான யோசனை. அதை ஆணையாக்குவது துணைவேந்தர், சிண்டிகேட் எனப்படும் பல்கலைக்கழக ஆட்சிக்குழு, கல்லூரி முதல்வர் போன்ற மேலிடத்தின் வேலை. பணம் தேவைப்பட்டால் நிதிப் பிரிவையும் தாண்ட வேண்டும்.

இதனால் நடப்பது என்னவென்றால், பல யோசனைகள் மினிட்ஸ் புத்தகத்திலேயே தூங்கும். மினிட்ஸ் என்பது கூட்டத்தில் பேசியதையும் முடிவானதையும் எழுதி உறுப்பினர்கள் கையெழுத்திடும் குறிப்பு. 'ராம்ப் அமைப்பது குறித்து விவாதிக்கப்பட்டது' என்று எழுதினால் ஒன்றும் நகராது. 'முதன்மைக் கட்டட வாசலில் ராம்ப் அமைக்க, மதிப்பீடு தயாரித்து அடுத்த கூட்டத்தில் வைக்கும் பொறுப்பு பொறியாளருடையது' என்று எழுதினால் அடுத்த கூட்டத்தில் ஒருவர் எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும். நல்ல உறுப்பினருக்கும் சும்மா உறுப்பினருக்கும் வித்தியாசம் தெரிவது பேச்சில் அல்ல, இந்த வாக்கியத்தை எப்படி எழுத வைக்கிறார் என்பதில்.

ராம்ப் என்று சொன்னதால் ஒரு கணக்கு. ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது அளவு. வாசல் இரண்டடி உயரம் என்றால் இருபத்துநாலு அடி சரிவு. நம் ஊரில் பல இடங்களில் ஆறடியில் முடித்துவிடுகிறார்கள். அதில் டிவிஎஸ் ஐம்பதை ஏற்றலாம். சக்கர நாற்காலியை ஏற்றப் பின்னால் இரண்டு பேர் தள்ள வேண்டும். புகைப்படத்தில் ராம்ப் இருக்கும்.

நியாயமான தகவமைப்பு என்றொரு சொல் சட்டத்தில் வருகிறது. ஒருவரின் தேவைக்கேற்ப ஏற்பாட்டைக் கொஞ்சம் மாற்றிக் கொடுப்பது, நிறுவனத்தால் தாங்க முடியாத சுமை இல்லாதவரை. தேர்வில் எழுத முடியாதவருக்குச் சொல்வதை எழுதும் உதவியாளர், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் ஆகியவை இதில் அடங்கும். மூன்று மணி நேரத் தேர்வென்றால் ஒரு மணி நேரம் கூடுதல். 'சலுகை' என்று ஹாலில் முணுமுணுப்பவர்கள், இன்னொருவர் எழுதும் வேகத்துக்குத் தாங்களே பதிலைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

விதி இருந்தும் காகிதத்திலேயே கிடப்பதன் விலை பெரியது. சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு நடுவே, 2016 ஜனவரியில் ஐதராபாத்தில் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவும், 2019 மே மாதம் மும்பையில் மேற்படிப்பு படித்துவந்த மருத்துவர் பாயல் தட்வியும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2012 விதிகள் அப்போதே இருந்தன. அவற்றை நடைமுறைப்படுத்தச் சொல்லித்தான் இருவரின் தாய்மார்களும் 2019இல் உச்ச நீதிமன்றம் போனார்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எந்த விஷயத்துக்கு எங்கே போவது என்று தெரியாது. பாலியல் துன்புறுத்தல் என்றால் நேராக உள்ளகப் புகார்க் குழு. நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணமிருந்தால் மேலும் மூன்று மாதம் தருவார்கள். ராகிங் என்றால் ராகிங் தடுப்புக் குழு, அல்லது 1800-180-5522 என்ற தேசிய எண். மதிப்பெண் பட்டியல், கட்டணம், சான்றிதழைப் பிடித்து வைத்தல் போன்றவை மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு. அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தியில்லை என்றால் குறைதீர்ப்பாளர் என்ற தனி அதிகாரியிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தரோ பேராசிரியரோ முன்னாள் மாவட்ட நீதிபதியோ அந்தப் பதவியில் இருப்பார்.

பிராக்டிகல் நேரம், ராம்ப், விடுதிச் சாப்பாடு, விண்ணப்பத்தில் மூன்றாம் பாலினக் கட்டம் இல்லாதது போன்ற, யார்மீதும் புகார் இல்லாத ஆனால் ஏற்பாட்டிலேயே கோளாறுள்ள விஷயங்கள்தான் பன்முகத்தன்மைக் குழுவுக்கு உரியவை. 'மலைக்கிராம மாணவர்களுக்குச் சிரமமாக உள்ளது' என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தப் பாடம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு முடிகிறது, எந்த பஸ் தவறுகிறது, எத்தனை பேருக்கு என்று எழுதுங்கள். உறுப்பினர் பட்டியலைப் பார்த்து, உங்கள் நிலைமை புரியக்கூடிய ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லுங்கள். மனுவை அலுவலகத்தில் கொடுக்கும்போது இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 'அப்புறம் வாங்கிக்கலாம் தம்பி' என்று கவுண்டரில் சொல்வார்கள். நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். நகராமல் நில்லுங்கள், போட்டுக் கொடுப்பார்கள்.